பெற்றோரின் விருப்பத்தின் பேரில்

நான் சிறப்பாசிரியை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவள். எனக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. அப்போது காஞ்சிபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் பதினேழு பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன. ஐயம்பேட்டையிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, படஅட்டைகளும் நூலில் கோர்க்கிற மணிகளும் களிமண்ணும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாளைக்கு இரண்டு பள்ளி என்று போய் வருவேன். பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலையில் பாதிதான். பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவே மனக்கசப்பு வந்தால் போய்ப் பேசுவதும் எங்கள் தலையில்தான் விழும். அதற்கு எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. "நீங்க பேசினா கேப்பாங்க மேடம், பேசி முடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பி விடுவார்கள்.

நிறைய பேசி முடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதை முடித்ததற்காக என் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அந்தப் பெண் குழந்தைக்கு அப்போது எட்டு வயது. அரசு உதவி பெறும் சிறிய தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. ஆட்டிசம் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பள்ளி மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஆனால் வகுப்பு வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் அத்தனை செருப்பையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, சுவரோரம் ஒரே நேராக அடுக்கி வைப்பாள். எந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிள்ளை வரவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவாள்.

வீட்டில் தண்ணீர், சோறு, வேணாம் என்று நாலைந்து சொல் பேசுவாள். பள்ளியில் சேர்ந்து ஏழு மாதம் கழித்து, வருகைப்பதிவின்போது அவள் பெயரை வகுப்பாசிரியை வாசித்ததும், "உள்ளேன் டீச்சர்" என்றாள். அன்று நான் இன்னொரு பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியையே போன் செய்தார். "மேடம், உங்க பொண்ணு பேசிட்டா. நாளைக்கு வந்து கேளுங்க" என்றார். இந்தத் தலைமையாசிரியையோடுதான் பின்னால் தகராறு வந்தது என்பதால், அவர் கெட்டவரில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தையின் வீடு செவிலிமேட்டில். அப்பா அம்மா இருவரும் பட்டு நெசவு. முன்னறையை அடைத்துக்கொண்டு தறி இருக்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். கணவர் தறியில் உட்கார்ந்து நெய்வார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுவாள். ஒருவர் எழுந்தால் மற்றவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியாக இருப்பாள், வேகமாகப் பேசுவாள். காலையில் டவுன் பஸ்ஸில் குழந்தையைக் கூட்டி வந்து பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். மாலையில் மறுபடியும் வருவாள்.

கோயில் உற்சவ நாள் ஒன்றில் பிரச்சினை தொடங்கியது. சுவாமி புறப்பாடு பள்ளித் தெரு வழியாகப் போனது. சத்துணவுக்குக் காய்கறி இறக்க வந்தவர் கேட்டைச் சாத்தாமல் விட்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு நடுங்குகிற குழந்தை, நாதஸ்வரமும் தவிலும் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். வகுப்பில் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தார். அவருக்கு மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து ஒரே அறை. கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

தலைமையாசிரியை செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார் என்று சத்துணவு ஆயாம்மா சொன்னார். ஒரு மணி நேரம் தேடினார்கள். பேருந்துகள் திரும்புகிற முனை வரைக்கும் ஆள் போனது. கடைசியில் மண்டபப்படியில், சுவாமி தூக்குகிறவர்களுக்கு நடுவில், கையில் புளியோதரைத் தொன்னையோடு குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு அம்மாவுக்குப் போன் போகத் தொடங்கியது. குழந்தை அழுகிறாள், கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை பாவாடையை நனைத்துவிட்டாள், கூட்டிக்கொண்டு போங்கள். சில நாள் காரணமே சொல்வதில்லை. இரண்டு வாரம் தாங்கினாள் அந்த அம்மா. பிறகு, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று மனு கொடுத்துவிட்டாள். மனு ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் நான் வீட்டுக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு இருவரும் எழுந்து வந்தார்கள்.

"அவ இன்னா டீச்சர் தப்பு பண்ணா? மோளம் கேட்டுச்சு, போனா. கேட்டு தொறந்து கெடந்தா எந்தக் கொயந்தயும்தான் போகும்" என்றாள் அம்மா. "கேட்டுக்கு ஒரு பூட்டு போடச் சொல்லுங்க. அத விட்டுட்டு என் பொண்ண வூட்டுக்குப் பூட்டு போட்டு வைக்கச் சொல்றாங்க."

"அவங்க பயந்துட்டாங்கம்மா."

"நான் பயப்படலியா? எனக்கு போன் வந்தப்ப எப்பிடி இருந்திருக்கும்? ஆனா அதுக்காக நிறுத்துவாங்களா? பெரிய டீச்சர் இன்னா சொல்றாங்க தெரியுமா? 'நீங்க வீட்லதானே இருக்கீங்க, வந்து கூட்டிட்டுப் போனா என்ன'ன்றாங்க. வூட்ல இருந்தா வேலை செய்யலன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. இவரு ஒருத்தரே எப்பிடி நெய்வாரு?"

கணவர் அதிகம் பேசாதவர். "அவ அங்க போறதுக்குக் காலைல அஞ்சரைக்கே எழுந்து குளிச்சிக்கிறா மேடம். அதான்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"அன்னைக்கு ஒரு பஸ் மோதியிருந்தா நான் ஜெயில்ல இருப்பேன் மேடம். மூணு டீச்சர், அஞ்சு வகுப்பு. யார் அவ பின்னாடியே நிக்கிறது? உதவிக்கு ஒரு ஆள் குடுங்க, அஞ்சாம் வகுப்பு முடியற வரைக்கும் நானே பாத்துக்கிறேன். குடுப்பீங்களா?"

என்னால் கொடுக்க முடியாது. அவருக்கும் அது தெரியும்.

அப்போது நான் ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதினேன். இரண்டு நாள் குழந்தையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியது. இந்தக் குழந்தை வகுப்பறையில் நன்றாகக் கற்கிறாள், மற்ற பிள்ளைகளோடு இருப்பதே அவளுக்குப் பேச்சு வரக் காரணம், ஒரு உதவியாளர் இருந்தால் இவள் இந்தப் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கலாம் என்று எழுதினேன். அதை அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ரெண்டாவது வரிய இன்னொரு வாட்டி படிங்க டீச்சர்" என்றாள். படித்தேன்.

முதல் கூட்டம் பள்ளியில் நடந்தது. தலைமையாசிரியை, அம்மா, நான் மூவர் மட்டும். இரண்டு மணி நேரம் பேசினோம். ஒரு மாதத்துக்கு மதியம் வரைக்கும் அம்மா வகுப்பிலேயே உட்கார வேண்டும். பள்ளி கேட்டுக்குப் பூட்டு போட வேண்டும். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வருகைப்பதிவேட்டைக் கொடுத்து குழந்தையை அலுவலக அறைக்கு அனுப்ப வேண்டும், மணி அடிப்பதை அவள் தன் கண்ணால் பார்த்தால் பயம் குறையும். நான் வாரம் இரண்டு நாள் வர வேண்டும். கூட்டம் முடிந்து போகும்போது தலைமையாசிரியை அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "அவள அனுப்பணும்னு எனக்கு மட்டும் ஆசையாம்மா?" என்றார். அந்த அம்மா அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பேச்சுவார்த்தை எனக்குக் கைவந்த கலை என்று அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன்.

மூன்று வாரம் நன்றாக நடந்தது. குழந்தை மணியைக் கண்ணால் பார்த்தாள். மூன்றாம் வாரம் காதைப் பொத்தவில்லை. ஒரு கையால் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை மட்டும் காதருகே கொண்டு போவாள், அப்புறம் இறக்கிவிடுவாள். கணவர் தனியாகத் தறியில் செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தார். ஒரு மாதம்தானே என்று தாங்கினார்கள்.

நான்காம் வாரம் என்னை அடையாள அட்டை முகாமில் போட்டார்கள். மருத்துவர்கள் வருவார்கள், வட்டாரத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரவழைத்து, வரிசையில் நிற்க வைத்து, விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது முடிந்ததும் ஏற்றிய விவரம் தப்பு, மறுபடி ஏற்று என்றார்கள். இரண்டரை வாரம் நான் அந்தப் பள்ளிப் பக்கமே போகவில்லை. அந்த அம்மா வாட்ஸ்அப்பில் மூன்று தடவை கேட்டாள். 'இந்த வாரம் வந்துடறேன்மா' என்று மூன்று தடவையும் பதில் போட்டேன்.

அந்த இரண்டரை வாரத்தில்தான் அது நடந்தது. ஒரு மாதக் கெடு முடிந்ததால் அம்மா பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை, விளையாட்டுக்காக, அடுக்கி வைத்த செருப்புகளைக் காலால் கலைத்தது. குழந்தை திரும்ப அடுக்கினாள். அது திரும்பக் கலைத்தது. மூன்றாவது தடவை அந்தப் பிள்ளையின் முன்கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்தது.

கடிபட்ட பிள்ளையின் பெற்றோர் மறுநாள் காலை இன்னும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழந்தை இருந்தால் எங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோம், டி.சி. கொடுங்கள் என்றார்கள். சின்னப் பள்ளிக்கு அது சாதாரண மிரட்டல் இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடமே போய்விடும். மூன்று பேர் இரண்டு பேராகிவிடுவார்கள்.

இந்தத் தடவை என் மேலதிகாரியே வந்தார். வருவதற்கு முதல் நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, என் மதிப்பீட்டு அறிக்கையை மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

"உதவியாளர் தேவைன்னு எழுதியிருக்கீங்க. யார் போடுறது? போஸ்ட் இருக்குதா?"

"இல்ல சார். ஆனா அந்தக் குழந்தைக்குத் தேவை அதுதான்."

"தேவைய எழுதினா மனு முடியாது மேடம். மேல போகும், 'ஏன் போடல'ன்னு கேப்பாங்க. முடியறத எழுதுங்க. வீட்டுவழிக் கல்வின்னு இருக்குதில்ல? அதுக்கு மாத்துங்க. கொழந்தைக்கும் சேஃப், பள்ளிக்கும் சேஃப்." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கான்ட்ராக்ட் ஃபைலும் இந்த மாசம்தான் வருது இல்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகம் வந்துதான் கேட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

வீட்டுவழிக் கல்வி என்பது எழுந்து உட்கார முடியாத, வெளியே தூக்கிப் போக முடியாத பிள்ளைகளுக்காக வந்தது. செருப்பு அடுக்குகிற, பஸ் ஏறி வருகிற குழந்தைக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே வேறு அறிக்கை எழுதினேன். ஏழு வரி. கடைசி வரி இப்படி: 'மாணவியின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டும், பெற்றோரின் விருப்பத்தின் பேரிலும், வீட்டுவழிக் கல்வி அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

இரண்டாவது கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தலைமையாசிரியை அறையில் மேலதிகாரி, தலைமையாசிரியை, குழந்தையின் அப்பா, அம்மா, நான். வெளியே வராந்தாவில் கடிபட்ட பிள்ளையின் பெற்றோர் நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தை வகுப்பில் இருந்தாள். மேலதிகாரி பேசினார். தலைமையாசிரியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தாள். பத்தாவது வரைக்கும் படித்தவள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள். மேலதிகாரியைப் பார்க்கவில்லை.

"டீச்சர், பெற்றோர் விருப்பம்னு போட்டிருக்குதே. நான் எப்ப விரும்புனேன்?"

"அது ஃபார்மேட்மா" என்றார் மேலதிகாரி. "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது."

"நீங்க மொதல்ல படிச்சிக் காட்டுனது வேற ஆச்சே டீச்சர்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "இப்போதைக்குக் கையெழுத்துப் போடுங்கம்மா. பேரு பள்ளிக்கூடத்துலயே இருக்கும். கொஞ்ச நாள் ஆறட்டும். நான் வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டுக்கு வருவேன். அப்புறம் நானே பேசி மறுபடி சேத்துடறேன்."

மேலதிகாரி சொல்லியிருந்தால் அவள் போட்டிருக்க மாட்டாள். நான் சொன்னதால் போட்டாள். கணவரும் போட்டார். வகுப்பிலிருந்து குழந்தையை அழைத்து வந்தபோது அவள் மறுத்தாள். இன்னும் செருப்பு அடுக்கி முடியவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் என்று சொன்னேனே, மாதத்துக்கு இரண்டு நாள்தான் போக முடிந்தது. சில மாதம் ஒரு நாள். முதலில் சில வாரம் குழந்தை காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள் என்றாள் அம்மா. பஸ் சத்தம் கேட்டால் கையைப் பிடித்து இழுப்பாள். யூனிஃபார்மை ஒளித்து வைத்தால், வேண்டும் என்று தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஒரு நாள் நெற்றியில் வீக்கத்தோடு பார்த்தேன். பிறகு அது நின்றுவிட்டது. அது நின்றதும் சரியாகிவிட்டது என்று என் பதிவேட்டில் எழுதினேன்.

நான் போகும் நாளில் பையைத் திறந்து அட்டைகளைப் பரப்புவேன். எடுத்துக் கொடுப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டு வந்தது. நிறங்கள் போயின. எண்கள் போயின. மழைக்காலம் முடியும்போது, பெயரைக் கூப்பிட்டால் வரும் "உள்ளேன் டீச்சர்" போயிற்று. பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"வுட்ருங்க டீச்சர்" என்றாள் அம்மா. "நானும் தெனமும் கூப்டுறேன். அவளுக்குத் தெரியுது, இது கிளாஸ் இல்லன்னு."

பள்ளியில் மட்டும் அவள் பெயர் இருந்தது. வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகளுக்கும் பதிவேட்டில் வருகை போட வேண்டும் என்பது முறை. அந்தக் குழந்தை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவளாக அங்கே இருந்தாள்.

அம்மா சும்மா இருக்கவில்லை. யாரோ சொல்லி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். ஒரு நாள் வள மையத்துக்கு வந்து, மற்றவர்கள் முன்னாலேயே என்னிடம் கேட்டாள்: "நீங்க மொதல்ல எழுதுன பேப்பர் வேணும் டீச்சர். உதவிக்கு ஆள் இருந்தா படிப்பான்னு எழுதுனீங்களே, அது."

"அது ஃபைல்ல இல்லம்மா. வரைவுதான் அது. கிழிச்சுட்டேன்" என்றேன்.

என் கைப்பையில் இருந்தது. ஏன் கிழிக்காமல் வைத்திருந்தேன் என்றும் தெரியவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்றும் அப்போது யோசிக்கவில்லை. அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு பக்கத்து மேசைக்காரர், "நல்ல வேளை, மாட்டாம தப்பிச்சீங்க" என்றார்.

ஐந்து மாதம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது இன்று கொடுத்துவிடலாம் என்று போவேன். தறிச் சத்தம் நிற்கும், அவள் எழுந்து வருவாள், "வாங்க டீச்சர், டீ போடவா?" என்பாள். நான் டீ குடித்துவிட்டு வருவேன். கடைசியில் கொடுத்த நாளில் எந்தத் தைரியமும் எனக்கு வந்துவிடவில்லை. குழந்தை அன்று என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆள் வந்தாலே அப்படித்தான் செய்கிறாள் என்றாள் அம்மா. நான் பையைத் திறந்து, அட்டைகளுக்குப் பதிலாகக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "கிழிச்சுட்டேன்னீங்களே."

"பொய் சொன்னேன்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் வைத்துவிட்டு, "இது அஞ்சு மாசம் முன்னாடி கெடச்சிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்கும்" என்றாள். கணக்காகத்தான் சொன்னாள், கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் என்னோடு கோபப்படவும் அவளுக்கு நேரமில்லை.

விசாரணைக்கு இரண்டு தடவை சென்னைக்குப் போனார்கள். இரண்டாவது தடவை என்னையும் அழைத்திருந்தார்கள். இரண்டு அறிக்கையும் உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எது உண்மை என்று கேட்டார்கள். முதலாவது என்றேன். அடுத்த மாதம் என்னை வாலாஜாபாத் வட்டாரத்துக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் புதுப்பித்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

ஆணை வந்தது. குழந்தையை வகுப்பில் அனுமதிக்க வேண்டும், உதவியாளர் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. உதவியாளரும் வந்தாள், தற்காலிகமாக, பக்கத்துத் தெருப் பெண். நாங்கள் கேட்ட எல்லாமே கிடைத்தது. குழந்தை பள்ளியை விட்டு வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஐந்தாம் வகுப்பு முடிய நான்கு மாதம் மீதி இருந்தது.

திரும்பச் சேரும் நாளில் என்னை வரச் சொன்னாள் அந்த அம்மா. வேறு வட்டாரமானாலும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். புது யூனிஃபார்ம் தைத்திருந்தார்கள், பழையது பத்தவில்லை. குழந்தை நன்றாக வளர்ந்திருந்தாள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் வந்தாள்.

பள்ளிக்குள் பிள்ளைகளின் சத்தம். அது காதில் விழுந்ததும் நின்றாள். அம்மா மெதுவாக இழுத்தாள். கேட்டுக்குப் பத்தடி முன்னால், தார் ரோட்டில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள். அந்த மாதிரிக் கத்தலை நான் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். வலி வந்தால் கத்துவது அது.

தலைமையாசிரியை வெளியே ஓடி வந்தார். கொஞ்சம் எட்ட நின்று, கையை நீட்டி, "வாடா கண்ணு, வாடா தங்கம், செருப்பெல்லாம் அடுக்கணும் இல்ல" என்றார். அழுதுகொண்டே சொன்னார். உதவியாளர் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள். வகுப்பிலிருந்து பிள்ளைகள் வாசலில் வந்து கூடினார்கள். அவளோடு படித்தவர்கள்தான். இரண்டு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. போக்குவரத்து நின்றது. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "கொயந்தய ஏம்மா படுத்துறீங்க, இட்டுக்கினு போங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் முயன்றோம். நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். பையிலிருந்த கோர்க்கிற மணிகளை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லி அமைதிப்படுத்தினேன். தலைமையாசிரியை வருகைப்பதிவேட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துப் பார்த்தார். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

கடைசியில் அப்பாதான் குனிந்து அவளைத் தூக்கினார். பத்து வயதுக் குழந்தை, தூக்கத் தடுமாறினார். தோளில் போட்டதும் கத்தல் குறைந்து விம்மலாகியது. பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

அம்மா அங்கேயே நின்றாள். ஆணையின் நகல் இருந்த பிளாஸ்டிக் கவர் கையில் இருந்தது.

"நாளைக்கு மறுபடி வரலாம்மா" என்றேன். "கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல தெருமுனை வரைக்கும்."

"நாளைக்கு நீங்க வருவீங்களா டீச்சர்?"

நான் கொடுத்த மணிகளை எடுத்துப் பையில் போட்டேன். அவள் திரும்பினாள். தலைமையாசிரியையைப் பார்த்து, "பாத்தீங்களா பெரிய டீச்சர், இப்ப நெசமாவே எங்களுக்கு வேணாம்" என்றாள். சொல்லிவிட்டுக் கணவருக்குப் பின்னால் வேகமாக நடந்தாள். நடக்கும்போதே முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைக்க எட்டினாள்.

தலைமையாசிரியை உள்ளே போய்விட்டார். என் அனுமதி நேரமும் முடிந்திருந்தது. பதினொரு மணிக்கு நான் தென்னேரியில் இருக்க வேண்டும். அங்கே காது கேளாத பெண் ஒருத்தி. பள்ளியில் முதல் பெஞ்சு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், பெற்றோர் சண்டை போட்டிருக்கிறார்கள், போய்ப் பேசி முடிக்கச் சொல்லியிருந்தார்கள். வாலாஜாபாத் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.